நீங்கள் இறங்கி வரும்வரை

ஜனவரி 11, இரவு 1.50

இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். பகலில் பேனாவைக் கையில் எடுத்தால் "யாருக்கும்மா எழுதற?" என்று கேட்க வீட்டில் ஒன்பது பேர் இருக்கிறார்கள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, என் எம்.எஸ்சி. ரெக்கார்டு நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் எழுதுகிறேன். அடுப்பு மேடைதான் மேஜை. எழுத்து கோணலாக இருக்கும்.

எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, சொல்லிவிடுகிறேன். மாமா போய்விட்டார். உங்கள் அப்பா. ஒன்பதாம் தேதி காலை ஏழேகால் மணி. மாடியில் பாப்பா துணிகளைக் காயப்போட்டுவிட்டு இறங்கி வந்தார். பாதிப் படியில் உட்கார்ந்து, "ப்ரொஃபசர், கொஞ்சம் தண்ணி குடு" என்றார். உடனே கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்தார். அவ்வளவுதான். ஆஸ்பத்திரி வாசலிலேயே கையைப் பிடித்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள்.

கொள்ளி வைத்தது சம்பத் அண்ணன். உங்கள் பெரியப்பா மகன் என்ற முறையில் அவரைத்தான் கூப்பிட்டார்கள். நீங்கள் செய்ய வேண்டியது.

உங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று முடிவாகிவிட்டது. நடேசன் சார்தான் பேச்சை எடுத்தார். மாமாவின் முப்பது வருஷச் சிநேகிதர், முன்னாள் ராணுவத்தினர் சங்கத் தலைவர், அவர் சொன்னால் ஊரே கேட்கும். மாமாவை இன்னும் எடுக்கக்கூட இல்லை, கூடத்தில் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார்.

"பார்த்தி மேல பனியில, பார்டர் போஸ்ட்டுல இருக்கான். மார்ச் கடைசியிலதான் எறங்குவான். இப்ப சொன்னா இன்னா பண்ணுவான்? வரவும் முடியாது. ஒக்காந்து அழுவான், கவனம் தப்பும், கால் தப்பும். எறங்கி வந்த பிறகு சொல்லிக்கலாம். நம்ம கேப்டனே உயிரோட இருந்தாலும் இதத்தான் சொல்லியிருப்பாரு."

அத்தை அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஹேமா, உன்னத்தான். வாயத் தொறக்கக் கூடாது."

ஆகவே இது உங்களுக்கு நான் எழுதிவைக்கும் குறிப்பு. ஒரு நாளும் விட்டுப்போகக் கூடாது என்று நினைக்கிறேன். இறங்கி வந்ததும் கையில் கொடுப்பேன்.

ஜனவரி 12

சம்பத் அண்ணன் விடியற்காலையில் பைக் எடுத்துக்கொண்டு போய், பஸ் ஸ்டாண்டிலும் ரேஷன் கடைச் சுவரிலும் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களைக் கிழித்துவிட்டு வந்தார். சங்கத்துப் பையன்கள் ஆர்வத்தில் அடித்துவிட்டார்களாம். உங்கள் யூனிட்டில் நம் பக்கத்து ஆட்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள், யாராவது போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டால் மேலே வந்துவிடும் என்று பயம்.

கவுன்சிலர் வீட்டு நாய்க்கே போஸ்டர் அடித்த ஊர் இது. நம் மாமாவுக்கு ஒன்றுகூட இல்லை.

ஜனவரி 15

இன்று பொங்கல். நமக்குத் தீட்டு, பானை வைக்கவில்லை. தெருவெல்லாம் கரும்பு. துக்கம் கேட்க லத்தேரியிலிருந்து அத்தையின் சொந்தக்காரப் பெண்கள் வந்து கட்டிப்பிடித்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள்.

ஒன்பது மணிக்கு உங்கள் போன்.

அத்தையின் இடுப்பில்தான் போன் இருக்கிறது, தூங்கும்போதும். நம்பரைப் பார்த்ததும் அவர் ஒரு கையைத் தூக்கினார். அழுதுகொண்டிருந்த எட்டுப் பெண்களும் பாதி வார்த்தையில் நிறுத்தினார்கள். ஒருத்தி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அப்படி ஒரு நிசப்தத்தை நான் பரீட்சை ஹாலில்கூடப் பார்த்ததில்லை. ஸ்பீக்கரைப் போட்டு என்னிடம் நீட்டினார்.

"ஹாப்பி பொங்கல் ஹேமா! பொங்கிடுச்சா?"

அத்தையே குனிந்து பேசினார். "பொங்கிடுச்சுடா கண்ணு. இப்பதான் எறக்கினேன்."

"அப்பா எங்கம்மா? குடு."

"குளிக்கறாரு."

"பண்டிகையன்னிக்கு ஒம்பது மணிக்கா? கேப்டனுக்கு வயசாயிடுச்சு போல" என்று சிரித்தீர்கள். பிறகு காற்றுச் சத்தம். அங்கே உங்களுக்குக் கொடுக்கும் மூன்று நிமிஷம் முடிந்தது.

போனை வைத்ததும் அத்தை மறுபடி கையைத் தூக்கவில்லை. ஆனாலும் பத்து நிமிஷம் யாரும் அழவில்லை.

ஜனவரி 16

பாப்பாவுக்குச் சளி. தெருமுனை மெடிக்கல் வரை போகக்கூட விடவில்லை. சம்பத் அண்ணன் வாங்கி வந்தார்.

ஜனவரி 19

நடேசன் சார் வந்து, படத்திறப்புக்கு மாமாவின் வாழ்க்கைக் குறிப்பு இரண்டு பக்கம் வேண்டும் என்றார். "நீ காலேஜ் படிச்ச பொண்ணு, நீதான் எழுதணும். பார்த்தி எறங்கின பிறகுதான் பிரிண்டு. இப்ப எழுதி மட்டும் வையி."

அவருக்கு வேண்டியதை எழுதிவிட்டேன். ஹானரரி கேப்டன் தணிகாசலம். பதினெட்டு வயதில் சிப்பாயாகச் சேர்ந்தார், முப்பது வருஷம் சேவை, இரண்டு பதக்கம், ஊருக்கு வந்து பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர், சங்கத்துக்குக் கட்டடம்.

உங்களுக்கு வேறு எழுதுகிறேன். தினமும் காலையில் தன் ஷூவோடு என் செருப்பையும் பாலிஷ் போட்டுவைத்தார். வேண்டாம் மாமா என்று கெஞ்சியிருக்கிறேன். "பிரஷ் ஒண்ணுதானே ப்ரொஃபசர்" என்பார். பாப்பாவின் தடுப்பூசி அட்டைக்கு லேமினேஷன் போட்டுவிட்டு, அடுத்த ஊசியை எங்கே எழுதுவது என்று நர்ஸ் திட்டியதும் திருதிருவென்று விழித்தார். பாப்பாதான் அவருக்கு மேலதிகாரி, "சி.ஓ. சாப்". அவள் அழுதால் அட்டென்ஷனில் நின்று, "இன்னா குத்தம் பண்ணிட்டோம் சாப்?" என்பார். கொடியில் துணிகளை அளவு வாரியாகத்தான் போடுவார், பெரியது இடது பக்கம். அன்று காலை போட்ட துணிகளை மூன்று நாள் யாரும் எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன்.

ஜனவரி 24

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. அத்தைக்கு என்னென்ன செய்தார்களோ அதை எழுத மாட்டேன். நீங்கள் வந்து அவர் நெற்றியைப் பார்க்கும்போது தெரியும். அதற்குள் யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

ஜனவரி 26

போன். நான் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

"கொடி ஏத்திட்டாரா கேப்டன்?"

வருஷா வருஷம் பள்ளிக்கூடத்தில் அவர்தான் ஏற்றுவார். அத்தை என் முழங்கையைக் கிள்ளினார்.

"ஏத்தினாருங்க."

"இன்னா பேசினாரு?"

நான் என்ன செய்வேன்? பேசினேன். பிள்ளைகள் நகம் வெட்ட வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், இந்தியா என்பது உங்கள் வகுப்பறையிலிருந்து தொடங்குகிறது, கழிப்பறையில் தண்ணீர் ஊற்றுங்கள். போன வருஷம் நானே கேட்ட பேச்சு. அவருடைய குரலைப் போலவே நிறுத்தி நிறுத்திச் சொன்னேன் என்று பிறகு உறைத்தது.

நீங்கள் சிரித்தீர்கள். "அதே டேப்பா? மாத்தவே மாட்டாரு. எங்க அவரு?"

"ஸ்கூல்லயே டிபன். இன்னும் வரல."

"எம்மேல கோவமா ஹேமா? ரெண்டு வாட்டியும் பேச மாட்டேங்கறாரு."

"அதெல்லாம் இல்லீங்க."

கட் ஆகிவிட்டது. அத்தை "நல்லா பேசின" என்று என் தலையைத் தடவினார்.

ஜனவரி 29

இன்று ஒன்று தெரிந்தது. வாழ்க்கைக் குறிப்பில் காஷ்மீர் போஸ்டிங் பற்றி ஒரு வரி சேர்க்கலாமென்று அத்தையிடம் வருஷம் கேட்டேன். அவர் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். கீரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"எனக்குக் கல்யாணம் ஆகி நாலு மாசம். அவரு அப்ப பட்டாளத்துல நாயக்கா இருந்தாரு, இதே மாதிரி மேல, பனியில. எம்மாமனாரு, பார்த்தியோட தாத்தா, செத்துட்டாரு. தந்தி குடுத்தோம். அங்க இருந்த ஆபீசரு தந்தியப் பிடிச்சு வச்சிக்கினாரு. ஊருக்கு ஆள் விட்டு, எறங்குற வரைக்கும் ஒண்ணியும் எழுதாதீங்கன்னு சொல்லி அனுப்பினாரு. ஆனா வாராவாரம் வீட்டு லெட்டரு போவணும் இல்ல? மாமனாருக்கு எழுதத் தெரியாது. கையில யாரு கெடைக்கறாங்களோ அவங்கள எழுதச் சொல்லுவாரு. அதனால என்ன ஒக்கார வச்சாங்க. நான் அஞ்சாவது படிச்சிருந்தேன்."

"யார் எழுதற மாதிரி அத்தை?"

"அவரு எழுதற மாதிரிதான். செத்தவரு. 'சிரஞ்சீவி தணிகாசலத்துக்கு உன் அப்பா ஆசீர்வாதத்தோட எழுதிக்கொள்வது, நான் சுகம்.' ஆறு லெட்டரு. அவரும் பதில் போட்டாரு. 'அப்பா, உங்க மூட்டுவலி எப்பிடி இருக்கு'ன்னு. நாப்பத்தோரு நாளு."

அப்புறம்?

"எறங்கி வந்தாரு. சொன்னாங்க. வீட்டுக்கு வந்ததும் என்ன எதுவும் கேக்கல. அடிக்கல, திட்டல. அதோட நான் எழுதின லெட்டர அவரு பிரிக்கவே இல்ல. எங்கங்கயோ போஸ்டிங்கு, நானும் எழுதிக்கினே இருந்தேன். லீவுல வரும்போது எல்லாத்தையும் பிரிக்காமயே திருப்பிக் கொண்டாந்து என் பொட்டி மேல வச்சிடுவாரு. அப்புறம் போன் வந்துச்சு, எழுதறத நிறுத்திட்டேன்."

கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டேன். "அப்படி இருந்துட்டு நீங்களே இப்ப ஏன் அத்தை?"

முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"பக்கத்து போஸ்ட்டுல ஒரு பையன், சித்தூர்க்காரன். அவனுக்குத் தந்தியக் குடுத்துட்டாங்க, அம்மா செத்துட்டான்னு. ராத்திரியே தனியா எறங்கினான். ஏப்ரல்ல பனி கரைஞ்ச பிறகுதான் கெடச்சான். எங்க வீட்டுக்காரரு உயிரோட எறங்கி வந்தாரா இல்லியா? எங்கிட்ட பேசல, சரி. உயிரோட இருந்துட்டுப் பேசாம இருந்தாரு. எனக்கு அது போதும். உனக்குப் போதாதா?"

கீரையை அள்ளிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

பின்னாளில் மாமாவும் தன் ஆட்களுக்கு வந்த தந்திகளைப் பிடித்துவைத்ததாக நடேசன் சார் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அதையும் குறிப்பில் எழுதச் சொன்னார். எழுதவில்லை.

அவர்களுக்குக் கல்யாணமாகி நாற்பத்தாறு வருஷம். உங்களுக்கு முப்பத்தொரு வயது. நடுவில் எத்தனை வருஷம் என்று கணக்குப் போட ஆரம்பித்தேன். போடவில்லை. பாப்பா எழுந்துவிட்டாள்.

ஜனவரி 31

சளி தேவலை. பால் சரியாகக் குடிக்கிறாள். மழைக்கால ஈரம் போல வீடெல்லாம் ஒரு வாடை. அத்தை என்னை மாடிக்குக்கூடத் தனியாக விடுவதில்லை, நான் யாருக்கோ போன் செய்துவிடுவேன் என்று. என் போனுக்கு ரீசார்ஜ் முடிந்து நாளாயிற்று. யாரும் போட்டுத் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

பிப்ரவரி 2

பதினொன்றாம் தேதி எழுதியதில் ஒரு பொய் இருக்கிறது. அதை அடித்துவிட்டுத் திருத்தலாமென்று பக்கத்தைத் திருப்பினேன். அடிக்க மனம் வரவில்லை. இங்கே எழுதுகிறேன்.

உடனே தண்ணீர் கொடுக்கவில்லை. அவர் கேட்டபோது பாப்பா என் மடியில் கண் மூடும் நேரம். ராத்திரி முழுக்கத் தூங்காதவள். "இருங்க மாமா, இதோ" என்றேன். அவளைத் தொட்டிலில் போட்டு, இரண்டு ஆட்டு ஆட்டி, பிறகு சொம்பை எடுத்தேன். நாலைந்து நிமிஷம் இருக்கும். நான் போகும்போது சுவரில் சாய்ந்திருந்தார். இரண்டு வாய் குடித்தார் என்று எழுதியிருந்தேன். குடிக்கவில்லை. வாயோரமாக வழிந்துவிட்டது. சட்டை நனைந்தது. அவர் சட்டையில் ஒரு சுருக்கம்கூட இருக்காது.

இதை அத்தைக்கும் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்லக் கூடாது என்று எல்லோரும் சொன்னபோது, ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், எனக்கு நிம்மதியாக இருந்தது. அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

பிப்ரவரி 6

இன்று போன் வந்தது. கடவுள் புண்ணியத்தில் நல்லபடியாகப் போயிற்று. நீங்கள் அப்பாவைக் கேட்கவே இல்லை! "மருந்து வாங்கப் போயிருக்கார்" என்று தயாராக வைத்திருந்தேன், தேவைப்படவில்லை.

குரல் கொஞ்சம் கம்மியிருந்தது, குளிர் என்று நினைக்கிறேன். பாப்பாவின் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்றீர்கள். அவள் அந்த நேரம் பார்த்து விக்கிக்கொண்டிருந்தாள், அதையே கேட்டுக்கொண்டிருந்தீர்கள். பிறகு, "அம்மா பக்கத்துல யாரு படுக்கறாங்க?" என்றீர்கள்.

"நானும் பாப்பாவும்தாங்க" என்றேன்.

"நல்லது. அப்பிடியே படு. தனியா விடாத." பிறகு, "சம்பத் அண்ணன்கிட்ட நான் தேங்க்ஸ் சொன்னேன்னு சொல்லு."

"எதுக்குங்க?"

"மோட்டாரு ரிப்பேர் பண்ணிக் குடுத்தானே, அதுக்கு. அவனுக்குத் தெரியும்."

"சரிங்க."

"நீ சாப்புடு ஹேமா. ஒழுங்கா சாப்புடு."

அவ்வளவுதான். நம் கல்யாணத்துக்குப் பிறகு இவ்வளவு அக்கறையாக நீங்கள் பேசி நான் கேட்டதில்லை. அத்தை போனை இடுப்பில் செருகிக்கொண்டு பூஜை அறைக்குப் போனார். மாமா போன பிறகு எனக்கு முதல் முறையாகப் பசித்தது.

பிப்ரவரி 7

சம்பத் அண்ணன் காலையில் பால் பாக்கெட்டோடு வந்தார். மொட்டைத் தலையில் இப்போதுதான் முடி முளைக்கிறது. காபி கொடுத்துவிட்டுச் சொன்னேன், "அவரு உங்களுக்குத் தேங்க்ஸ் சொல்லச் சொன்னாருங்க. மோட்டாரு ரிப்பேருக்கு."

"எந்த மோட்டாரு?"

"நம்ம வீட்டு மோட்டார்தான்."

"நான் எப்பம்மா மோட்டாரு ரிப்பேர் பண்ணேன்? எனக்கு பல்பே மாட்டத் தெரியாது." சிரிக்கத்தான் ஆரம்பித்தார். பிறகு காபி தம்ளரைக் கீழே வைத்தார். மொட்டைத் தலையைத் தடவினார். "இன்னா சொன்னான்? அப்பிடியே சொல்லு, அவன் சொன்ன மாதிரியே."

சொன்னேன். அவனுக்குத் தெரியும் என்றீர்களே, அதையும் சொன்னேன்.

அவர் வாசல்படியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "இந்தக் கையாலதான் வச்சேன். அதுக்குச் சொல்றான்மா. தெரிஞ்சிடுச்சு அவனுக்கு."

அப்போதுதான் எனக்கு நேற்று நீங்கள் கேட்டது ஒவ்வொன்றாக விளங்கியது. அப்பா உயிரோடிருந்தால் அம்மா பக்கத்தில் யார் படுக்கிறார்கள் என்று எந்த மகன் கேட்பான்? கேட்டபோது நானும் பாப்பாவும் என்று பெருமையாகச் சொன்னேனே, என்னை என்னவென்று சொல்வது.

அத்தையிடம் போனேன். துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். சொன்னேன்.

"நேத்தே தெரியும்" என்றார்.

"அப்ப பேசிடலாம் அத்தை. அவருக்குத்தான் தெரிஞ்சுபோச்சே."

"அவன் கேட்டானா?"

"இல்ல."

"கேக்காத வரைக்கும் சொல்லாத. அவன் தாங்கிக்கினு இருக்கான். நீ வாயத் தொறந்தா ஒடைஞ்சிடுவான். எறங்கட்டும்."

"நாப்பத்தோரு நாள்ல இல்ல அத்தை, அதுக்கப்புறம்தான் மாமா ஒடைஞ்சாரு."

சொல்லியிருக்கக் கூடாது. சொம்பை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனார். இரவுவரை என்னோடு பேசவில்லை. ஆனாலும் வழக்கம்போல என் பக்கத்தில் படுத்து, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினார். விரலை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டு வந்து இதை எழுதுகிறேன்.

பிப்ரவரி 8, இரவு 2.30

பேர்ணாம்பட்டு தாமோதரன், உங்கள் யூனிட் லான்ஸ் நாயக், லீவு முடிந்து நாளைக் காலை காட்பாடியில் ரயில் ஏறுகிறார். சம்பத் அண்ணனுக்குத் தெரிந்தவர். நோட்டை விடியற்காலையில் சம்பத் அண்ணனிடம் கொடுத்துவிடுவேன். முகாம் வரை தாமோதரன் கொண்டுவருவார், அங்கிருந்து அடுத்து மேலே வரும் ஹெலிகாப்டரில் நோட்டு உங்களிடம் வரும் என்கிறார் அண்ணன். அட்டையில் எழுதியிருக்கிறேன், யாராவது ஒருவர் பக்கத்தில் இருக்கும்போதுதான் பிரிக்க வேண்டும் என்று. தயவுசெய்து அதைக் கேளுங்கள். அந்தச் சித்தூர்ப் பையனை நான் மறக்கவில்லை. இதை அனுப்பாமலிருக்க அந்த ஒரு காரணம் போதும் என்று நாலு முறை எழுந்து போய்ப் படுத்தேன்.

ஆனால் அவனுக்குத் தெரியாத ஒன்றைத் திடீரென்று சொன்னார்கள். உங்களுக்குத் தெரியும். தெரிந்ததை யாரிடமும் சொல்லாமல், எங்களிடமும் சொல்லாமல், அங்கே நீங்கள் தனியாக வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எங்களுக்காக நடிக்கிறீர்கள். நாங்கள் உங்களுக்காக. இதை நான் இன்னும் ஐம்பது நாள் செய்தால் அதன்பிறகு எதையும் உங்களிடம் உண்மையாகச் சொல்ல என்னால் முடியாது என்று பயமாக இருக்கிறது.

அத்தைக்குத் தெரியாமல் அனுப்புகிறேன். அது தப்புதான். அவருக்கும் நானே சொல்லிவிடுவேன், நோட்டு ரயில் ஏறிய பிறகு.

உங்கள் அப்பா கஷ்டப்படவில்லை என்று டாக்டர் சொன்னார். தண்ணீர் விஷயம் மேலே எழுதியிருக்கிறேன். அதைத் தாண்டிப் படித்துவிடாதீர்கள். திட்ட வேண்டுமென்றால் திட்டுங்கள். எப்படி, யார் சொல்லித் தெரிந்தது, எந்த நாளில் தெரிந்தது, அன்று சாப்பிட்டீர்களா, இதெல்லாம் எனக்குத் தெரிய வேண்டும். முடியாவிட்டால் படித்தேன் என்று மட்டுமாவது எழுதுங்கள்.

இது கிடைத்த பிறகு அங்கிருந்து கீழே வரும் யார் கையிலாவது கொடுத்தனுப்புங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.

ஹேமாவதி